அயலான் உயிருக்குக் காவல்

செங்கம் வட்டாரத்திலும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நின்றுகொண்டிருக்கும் பழைய நடுகற்களின் எழுத்துக்களைப் பொறுமையோடு படித்துச் செல்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. அவற்றுள் பெரும்பாலானவை பகைவர் ஓட்டிச் சென்ற ஆநிரையை, அதாவது அக்கல்வெட்டுக்கள் தொறு என்று குறிப்பிடும் மாட்டு மந்தையை, மீட்கப் போய் மாண்டவர்களுக்கு எடுக்கப்பட்டவை. வீரனுடைய பெயரும், அவன் யாருக்குச் சேவகன் என்பதும், எந்த ஊர் மாட்டை மீட்டான் என்பதும், எந்த அரசனுடைய ஆட்சியாண்டு என்பதும் அவற்றில் ஒழுங்காகச் சொல்லப்பட்டிருக்கும். எடுத்தனூரில் கிடைத்த பல்லவர் காலத்துக் கல்லில், வீரனோடு கூடவே நின்று கள்ளர் இருவரைக் கடித்த நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்ற அதன் பெயர்கூடப் பொறிக்கப்பட்டிருக்கிறது. நன்றியுணர்வு மிக்க சமூகம்தான் இத்தகைய கற்களை நாட்டியிருக்க முடியும். ஆயினும் இவ்வீரர்கள் எல்லாரும் தம்முடைய ஊருக்காகவும், தம்முடைய தலைவனுக்காகவும், தாம் பால் குடித்து வளர்ந்த மாட்டுக்காகவும் போரிட்டவர்களே. முன்பின் அறியாத வழிப்போக்கன் ஒருவனை யாரோ தாக்கக் கண்டு, அவனுக்காகத் தன் ஆயுதத்தை எடுத்து மாண்டவனுக்கு நாட்டிய கல்லைக் காண்பது மிகவும் அரிது.

சொந்த ஊரைக் காப்பதற்கு உயிரைக் கொடுப்பது ஒரு தர்மம். பெயர் தெரியாத ஒருவனைக் காப்பதற்காகப் பெயர் தெரியாத இன்னொருவனைக் கொல்லத் துணிவது முற்றிலும் வேறான தர்மம். முன்னதில் யார் நம்மவன், யார் அயலான் என்பது முன்கூட்டியே தீர்ந்துபோன விஷயம். பின்னதிலோ அதையே ஒரு கணத்தில் நிச்சயித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயுதம் கழியாகவும் ஈட்டியாகவும் இருந்த காலத்தில் ஒருவாறு சமாளிக்கத்தக்கதாக இருந்த இந்தச் சங்கடம், துப்பாக்கி நாட்டுக்குள் வந்தபின் எவ்வளவு கடுமையாயிற்று என்பதையும், நம்முடைய பழைய காவல் முறையும் பின்னால் வந்த சட்டமும் அதற்கு எப்படி விடை தேடின என்பதையும் இங்கே சற்று விரிவாக ஆராய விரும்புகிறேன்.

வழிப்பயணம் இந்நாட்டில் என்றும் அச்சத்துக்குரியதாகவே இருந்து வந்திருக்கிறது. ஆறலைகள்வர் என்ற சொல் சங்க காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. சேரமான் பெருமாளிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய சுந்தரர் திருமுருகன்பூண்டியில் வழிப்பறிக்கு ஆளானார் என்ற வரலாறும், திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்தே அடியார்க்கு அமுதளித்தார் என்ற வரலாறும், பக்தியுலகமும் இந்த அச்சத்தை அறிந்திருந்தது என்பதற்குச் சான்றுகள். வணிகர் இதற்குக் கண்ட பரிகாரம், கூலி கொடுத்துக் காவலரை உடன் அழைத்துச் செல்வதேயாகும். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று பேர்பெற்ற வணிகக் குழுவினர், வீரர்களின் காப்புப் பெற்ற எறிவீரப்பட்டினங்களை வழிகளில் நிறுவியதைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. ஊர்களிலே பாடிகாவல் என்ற பெயரில் காவலுக்கான வரி தண்டப்பட்டது. எனவே அந்நியனுடைய உயிருக்கும் பொருளுக்கும் காவல் என்பது நம் நாட்டில் தனிமனிதனுடைய கருணைக்கு விடப்பட்ட காரியமாக இருக்கவில்லை. அது ஒரு தொழிலாகவும், ஒரு வரியாகவும், ஒரு பொறுப்பாகவும் அமைந்திருந்தது.

அந்தப் பொறுப்பு எவ்வளவு ஆழமானது என்பதை நாயக்கர் காலத்திலும் பாளையக்காரர் காலத்திலும் தென்பாண்டி நாட்டில் வழங்கிய காவல் முறையிலிருந்து அறியலாம். ஊருக்கு ஊர் ஸ்தலகாவல் உண்டு. பல ஊர்களையும் அவற்றை இணைக்கும் பாதைகளையும் சேர்த்துக் காப்பது தேசகாவல். காவல்காரனுக்கு அறுவடையில் ஒரு பங்கு போயிற்று. அதற்குப் பதிலாக அவன் ஏற்றுக்கொண்ட நிபந்தனை, தன் எல்லைக்குள் களவு நடந்தால் களவுபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது, முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தானே ஈடுசெய்வது என்பதாகும். இப்படிப்பட்ட நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவன் வெறும் வீரத்தை நம்பி வாழ முடியாது. எந்தச் சந்தைக்கு எந்த ஊரார் போவர், எந்தச் சத்திரத்தில் யார் தங்கினர், புதிதாக வந்து சுற்றுபவன் யார், எவனுக்கும் எவனுக்கும் வரப்புத் தகராறு என்பதையெல்லாம் அவன் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். இருட்டில் இருவர் புரண்டு போராடும் சத்தம் கேட்டு அவன் ஓடி வந்தால், வந்த மாத்திரத்தில் யார் திருடன், யார் பறிகொடுத்தவன் என்பதைக் குரலைக் கேட்டே அறியக்கூடியவனாக இருந்தான். அவனுடைய உண்மையான ஆயுதம் அந்த அறிவுதான் என்று சொல்வேன். இடுப்பில் சொருகிய வளரியும், கையிலிருந்த வல்லயமும், சிலரிடம் இருந்த துப்பாக்கியும் அதற்கு அடுத்தபடிதான்.

இந்த முறை களங்கமற்றது என்று சொல்லி ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. காவல் உரிமை இல்லாத ஊரில் களவு நடக்கச் செய்து காவல் வரியைப் பெற்றவர்களும் உண்டு. களவுபோன மாட்டை எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்வதற்குத் துப்புக்கூலி வாங்கிய இடைத்தரகர்களும் உண்டு. கும்பினியாரின் அதிகாரிகள் இக்குறைகளை விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவை முழுவதும் கட்டுக்கதை அல்ல. ஆனால் அவர்கள் எழுதாமல் விட்டது, காவல்காரன் தவறாக ஒருவனை அடித்தால் அடுத்த நாள் அவன் அதே ஊரில், அதே மக்கள் முன்னிலையில், அடிபட்டவனுடைய உறவினருக்குப் பதில் சொல்லி வாழ வேண்டியிருந்தது என்ற உண்மையாகும். ஆயுதம் ஏந்துகிறவனுக்கும் அதன் விளைவுக்கும் இடையில் அன்று தூரம் இருக்கவில்லை.

அக்காலத்துத் துப்பாக்கியும் அவசரக்காரனுக்கு உதவாத கருவியாகவே இருந்தது. போர்த்துக்கீசியர் வரவுக்குப்பின் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தென்னாட்டில் பரவிய அது பெரும்பாலும் திரித்துப்பாக்கி. குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்து, கனலும் திரியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். திரி நனைந்தால் பயனில்லை. ஒருமுறை வெடித்தபின் மறுமுறை கெட்டிப்பதற்குள் கொள்ளைக்காரன் மேலே வந்து விழுந்துவிடுவான். பாளையக்காரர் படைகளில்கூட வல்லயத்துக்கு இருந்த மதிப்பு இதனால்தான் குறையவில்லை. கழி ஏந்தியவன் தன் கையில் அளவை வைத்திருக்கிறான். வேண்டுமானால் தடுக்கலாம், வேண்டுமானால் முழங்காலில் அடித்து வீழ்த்தலாம், மண்டையைப் பிளப்பதும் அவன் இஷ்டத்தைப் பொறுத்தது. துப்பாக்கியிலோ அளவு என்பது விசையை அழுத்துவதற்கு முன்னால் மட்டுமே இருக்கிறது. இந்த ஒரு வேற்றுமையே, பின்னால் வந்த நீதிமன்ற விசாரணைகள் பலவற்றுக்கு மூலமாக அமைந்தது.

1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் எல்லாரும் அறிந்த சரித்திரம். அதற்குப்பின் அதே ஆண்டு டிசம்பரில் சென்னைக் கவர்னராயிருந்த இரண்டாவது கிளைவ் பிரபு வெளியிட்ட பிரகடனத்தை அவ்வளவு பேர் நினைவில் வைத்திருப்பதில்லை. தென்பாளையங்களில் கோட்டைகளை இடித்துத் தள்ளவும், ஆயுதங்களை ஒப்படைக்கவும், ஆயுதபாணிகளான பரிவாரங்களை வைத்துக்கொள்ளாதிருக்கவும் அது கட்டளையிட்டது. காவல் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதி கிராமத் தலைவனையும் தலையாரியையும் சர்க்காரின் போலீசு ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1859இல் சென்னை இராஜதானிக்கென்று தனிப் போலீசுச் சட்டமே வந்துவிட்டது. மாதச் சம்பளம் பெற்றுத் தாலுக்காத் தலைநகரில் இருக்கும் கான்ஸ்டேபிள், களவுபோன பொருளுக்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன். அவன் அந்த ஊரில் பிறந்தவனும் அல்லன்.

இதற்கிடையே, 1834 ஜூன் மாதத்தில் மெக்காலே சென்னையில் வந்திறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைக் காண நீலகிரிக்குச் சென்று, பின்னர் கல்கத்தாவில் அமர்ந்து, 1837இல் தண்டனைச் சட்ட நகலை முடித்துக் கொடுத்தார். அந்நகலோடு சேர்த்து அவரும் சட்டக் கமிஷனில் அவருடைய சகாக்களும் எழுதிய குறிப்புக்களில் தற்காப்புரிமையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. இந்நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டங்களின் கொடுமையை எதிர்க்காமல் பொறுத்துக்கொள்வதைக் கண்டு அவர்கள் மனம் வருந்தினார்கள். மக்களிடத்தில் ஆண்மையைத் தூண்டுவதே தங்கள் நோக்கமென்றும், ஆகையால் தற்காப்புரிமையை மேன்மேலும் கட்டுப்படுத்த விரும்பவில்லையென்றும் அங்கே அவர்கள் கூறுகிறார்கள். தீவட்டிக் கொள்ளையர் ஊருக்குள் புகும்போது அண்டை வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டவனைக் கோழை என்று தீர்ப்பதற்கு முன்னால், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன ஆயுதத்தைச் சர்க்கார் விட்டுவைத்திருந்தது என்று கேட்பது நியாயம் அல்லவா? வங்காளத்தைப் பார்த்து அவர்கள் எழுதிய வாசகம் தென்பாண்டி நாட்டுக்கும் பொருந்துமானால், அதற்கு 1801 பிரகடனமும் ஒரு காரணம். மெக்காலேயின் மேதையை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்த இடத்தில் அவர் நோயைக் கண்டாரேயன்றி நோய் முதலைக் காணவில்லை என்றே கருதுகிறேன்.

ஆயினும் அவருடைய நகலிலிருந்து உருவாகி, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்விஷயத்தில் செய்த காரியம் மிகப் பெரியது. இங்கிலாந்தில் பிளாக்ஸ்டன் எழுதிய வியாக்கியானத்தில் பிறரைக் காக்கும் உரிமை கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, எஜமானன் வேலைக்காரன் என்ற உறவுகளை ஒட்டியே விவரிக்கப்பட்டிருந்தது. பெருங்குற்றத்தைத் தடுக்க எவரும் முற்படலாம் என்று அங்கே வேறொரு விதி இருந்தாலும், காப்பவனுக்கும் காக்கப்படுபவனுக்கும் பந்தம் உண்டா என்ற கேள்வி எப்போதும் பின்னால் நின்றுகொண்டிருந்தது. இந்தியச் சட்டத்தின் 97ஆம் பிரிவு அந்தப் பந்தத்தை அடியோடு நீக்கிவிட்டது. தன்னுடைய உடலையோ வேறெந்த மனிதனுடைய உடலையோ தாக்குதலிலிருந்து காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. அவன் உன் ஜாதியா, உன் ஊரா, உன் மதமா, அவன் பெயராவது உனக்குத் தெரியுமா என்ற வினாக்கள் எவையும் அந்தப் பிரிவில் இல்லை. நடுகல்லில் இடம்பெறாத அந்த வழிப்போக்கனுக்கு எழுத்தில் கிடைத்த முதல் அங்கீகாரம் இதுவேயென்று நினைக்கும்போது எனக்கு உள்ளம் நெகிழ்கிறது.

அங்கீகாரத்தைக் கொடுத்த அதே கை, பதினாறு ஆண்டுகளில் அதற்கான சாதனத்தைப் பறித்துக்கொண்டது. லிட்டன் பிரபுவின் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லைசென்சு இல்லாமல் ஆயுதம் தாங்குவதைக் குற்றமாக்கியது. அதன் விதிகளில் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. இந்நாட்டவனுக்கோ கலெக்டரின் தயவு வேண்டியிருந்தது. அதே ஆண்டு அதே லிட்டன் கொண்டுவந்த சுதேச பாஷைப் பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு நீக்கினார். ஆயுதச் சட்டம் நிலைத்துவிட்டது. 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னை மக்கீஸ் தோட்டத்தில் கூடிய காங்கிரஸ் மகாசபை, இச்சட்டம் மக்களின் இராஜவிசுவாசத்துக்கு இழுக்கு என்று கூறி, அதைத் திருத்தும்படி தீர்மானம் நிறைவேற்றியது. 1931இல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பிரஜைகளின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே வரிசைப்படுத்தியது. சுதந்திரம் வந்தபின் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கக் கோரியபோது சபை உடன்படவில்லை. பிரிவினையின் இரத்தம் காயாத அந்த நாட்களில் வேறு முடிவை எதிர்பார்த்திருக்க முடியாது. அம்முடிவு சரியானது என்பதே என் கருத்து. 1959ஆம் ஆண்டின் புதிய ஆயுதச் சட்டம் இனபேதமின்றி எல்லாரையும் லைசென்சின் கீழ்க் கொண்டுவந்தது. காட்டோரத்துக் குடியானவன் பயிர்க்காவலுக்கென்று நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அதில் வழி செய்யப்பட்டது. நம் அண்டை மலைநாடாகிய குடகில் மட்டும் குடவர்களும் ஜம்மா நிலம் உடையவர்களும் வெள்ளையர் காலத்தில் பெற்ற விலக்கை இன்றும் அனுபவித்து, கயில்பொழுது விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபட்டு வருகிறார்கள்.

இனி, உரிமையும் உண்டு, உரிமத்தோடு கூடிய துப்பாக்கியும் கையில் உண்டு என்ற நிலையில் ஒருவன் இரவில் தோட்டத்திலிருந்து வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். சாலையோரத்தில் ஒருவன் கீழே கிடக்கிறான். இன்னொருவன் அவன் மார்பின்மேல் ஏறி அமர்ந்து கத்தியைப் பிடித்திருக்கிறான். இருவரும் அவனுக்கு அந்நியர். சட்டம் அவனிடம் கேட்கும் கேள்விகள் எளிதானவை அல்ல. கீழே கிடப்பவனுக்கு மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று அவன் நியாயமாக அஞ்சினானா? போலீசாரின் உதவியை நாட அவகாசம் இருந்ததா? தேவைக்கு மிஞ்சிய தீங்கை அவன் விளைவித்தானா? 99, 100, 102ஆம் பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் இவ்வளவும் வரும். மரணம், கொடுங்காயம், பலாத்காரம், ஆட்கடத்தல் முதலிய சில அபாயங்களில் மட்டுமே தாக்குகிறவனைக் கொல்லும் அளவுக்கு உரிமை நீளும். 2013இல் அமில வீச்சும் இப்பட்டியலில் சேர்ந்தது. அபாயம் தோன்றும்போது உரிமை பிறக்கிறது. அபாயம் நீங்கிய கணமே அது மடிந்துவிடுகிறது.

இக்கேள்விகளுக்கெல்லாம் முந்தியதாக ஒரு கேள்வி இருக்கிறது. கத்தியைப் பிடித்திருப்பவன்தான் கொள்ளைக்காரன் என்று எப்படித் தெரியும்? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கீழே கிடப்பவனே கத்தியோடு பாய்ந்திருக்கலாம். மேலே இருப்பவன் அதைப் பிடுங்கித் தன் உயிரைக் காத்துக்கொண்ட உத்தமனாக இருக்கலாம். வழிப்போக்கன் நாடகத்தின் கடைசிக் காட்சியை மட்டும் பார்க்கிறான். தண்டனைச் சட்டத்தை வகுத்தவர்கள் இந்த அபாயத்தை நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு 79ஆம் பிரிவின் உதாரணம் சாட்சி. அதில் ஒருவன், தன் கண்ணுக்குக் கொலையாகத் தோன்றும் ஒரு செயலைக் காண்கிறான். நல்லெண்ணத்தோடு, தன்னால் இயன்ற அளவு ஆராய்ந்து, செய்தவனைப் பிடித்து அதிகாரிகளிடம் ஒப்படைக்க முற்படுகிறான். பின்னால் விசாரித்ததில், பிடிபட்டவன் தற்காப்புக்காகவே அச்செயலைச் செய்தான் என்று தெரியவந்தாலும், பிடித்தவன் குற்றவாளி அல்லன் என்று சட்டம் கூறுகிறது.

இந்த உதாரணத்தை நான் பலமுறை படித்து வியந்திருக்கிறேன். அதில் வரும் மனிதன் பிடிக்கிறான், சுடவில்லை. பிடித்தது தவறென்றால், பிடிபட்டவனை மறுநாள் விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு அனுப்பலாம். சட்டத்தை எழுதியவர்கள் வேண்டுமென்றே இந்தச் சொல்லைத் தேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாவிட்டாலும், அந்நியரின் சண்டையில் இடைபுகுகிறவனுக்கு உரிய செயல் எது என்பதை அது காட்டிக்கொண்டு நிற்கிறது. அதே மனிதன் சுட்டுவிட்டிருந்தால், நல்லெண்ணம் இருந்ததென்று நீதிபதி ஒருவேளை அவனையும் விடுவிக்கலாம். ஆனால் தற்காத்துக்கொண்டவனின் பிணத்துக்கு அந்த விடுதலையால் ஆகப்போவது என்ன? அவனுடைய மனைவிக்கு யார் ஈடு செய்வார்? பழைய காவல்காரனுக்கு இருந்த ஊரறிவும் இவனுக்கு இல்லை. ஈடு கொடுக்கும் கடமையும் இல்லை. இருப்பதெல்லாம் உரிமையும் தோட்டாவும் மட்டுமே.

கருவியின் இயல்பும் இங்கே குறுக்கே நிற்கிறது. நம் கிராமங்களில் உள்ள துப்பாக்கிகள் பெரும்பாலும் வரியில்லாத வழவழப்பான குழல் உடையவை. அவற்றில் இடும் பால்ரஸ் குண்டுகள் குழலைவிட்டு வெளிப்பட்டதும் விரிந்து பரவுகின்றன. கட்டிப் புரளும் இருவரில் ஒருவனை மட்டும் தொடுவதென்பது, காப்பவன் எவ்வளவு குறிபார்க்க வல்லவனாயினும், அவனுடைய திறமையில் அடங்கியதல்ல. சட்டத்தின் 106ஆம் பிரிவு இந்தத் துன்பத்தை இன்னும் கோரமான உருவில் கண்முன் நிறுத்துகிறது. கொலைவெறி கொண்ட கும்பல் ஒருவனைச் சூழ்ந்துகொள்கிறது. சுட்டாலன்றி அவன் தப்ப முடியாது. கும்பலினிடையே சிறு குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். சுட்டதனால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தாலும் அவன்மேல் குற்றமில்லை என்பது அவ்வுதாரணம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் சட்டக் கல்லூரி மாணவர்கள் இதைப் பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறார்கள். ஒருவராவது அந்தக் குழந்தையை நினைத்து ஒரு கணம் பேனாவை நிறுத்தியிருப்பார் என்றே நம்புகிறேன்.

நூலில் எழுதியது நடப்பில் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்லலாம். 1950 மார்ச்சில், மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரில், அகதிகளாக வந்திருந்த சிந்திகளுக்கும் உள்ளூர் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. கடைக்காரர் ஒருவரின் வீட்டை ஒட்டியிருந்த அவருடைய சகோதரரின் பகுதியைக் கும்பல் உடைத்துக் கொள்ளையிட்டது. பின்னர் அவருடைய கதவையே தடிகளால் தட்டத் தொடங்கியது. பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். அவர் இருமுறை சுட்டார். ஒருவர் மாண்டார், மூவர் காயமடைந்தனர். கீழ்நீதிமன்றங்கள் அவரைக் குற்றவாளி என்றன. 1952இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ், கதவு உடைந்து கும்பல் உள்ளே புகும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்றும், அத்தகைய நேரத்துச் செயலைப் பொன் நிறுக்கும் தராசில் இட்டு நிறுக்கலாகாது என்றும் கண்டு அவரை விடுவித்தார். அந்தத் தீர்ப்பின் மனிதத்தன்மை என்னை எப்போதும் கவர்கிறது. அச்சத்தில் நடுங்கும் ஒருவனுடைய உள்ளத்துக்குள் புகுந்து பார்த்து எழுதிய தீர்ப்பு அது.

பத்தாண்டுகளுக்குப்பின், 1962இல், பஞ்சாபிலிருந்து வந்த நிலத்தகராறு வழக்கொன்றில் அதே நீதிமன்றம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. எதிரிகள் கலைந்து ஓடத் தொடங்கியபின் அவர்களைச் சுட்டவர்களுக்குத் தற்காப்புரிமை கைகொடுக்கவில்லை. ஓடுகிறவனின் முதுகைக் கண்டதும் உரிமை முடிந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், நியாயாதிபதிகள் அஞ்சியவனுக்கு இரங்கினார்கள் என்பதும், சினந்தவனுக்கு இரங்கவில்லை என்பதும் தெளிவாகும். கட்னிக் கடைக்காரர் தம் கதவைத் தட்டுகிறவர்கள் யார், எதற்காகத் தட்டுகிறார்கள் என்பதை ஐயத்துக்கு இடமின்றி அறிந்திருந்தார். அந்நியருக்காகத் துணிகிறவனுக்கு வாய்க்காதது அந்த நிச்சயமே.

அஹிம்சையைப் போதித்த மகாத்மாவும் இந்தக் கேள்வியிலிருந்து விலகிக்கொள்ளவில்லை. 1908 பிப்ரவரியில் ஜோஹானஸ்பர்க் வீதியில் மீர் ஆலமும் அவனுடைய கூட்டாளிகளும் அவரை அடித்து வீழ்த்தியபோது, தமிழர்களின் தலைவராக அங்கே விளங்கிய தம்பி நாயுடுவும் யூசுப் மியானும் இடையே புகுந்து தடுத்துத் தாமும் அடிபட்டார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது. தான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று பின்னால் தம் மூத்த மகன் கேட்டதையும், பலத்தைப் பயன்படுத்தியாவது தந்தையைக் காப்பதே மகனின் கடமை என்று தாம் விடை கூறியதையும் காந்தியடிகள் 1920இல் யங் இந்தியாவில் எழுதினார். கோழைத்தனத்துக்கும் ஹிம்சைக்கும் இடையேதான் தேர்ந்தாக வேண்டுமென்றால் ஹிம்சையையே தேர்வேன் என்பது அவர் நிலை. அதே காந்தியடிகள்தான், நினைவு திரும்பியதும், தம்மை அடித்தவர்களை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு செயல்களும் ஒரே மனிதனிடத்தில் முரண்பாடின்றி இருந்தன என்பதை நம்மில் பலர் இன்னும் சரியாக உணரவில்லை. அடிக்கும் கைக்கும் அடிபடும் தலைக்கும் இடையில் தன் உடலைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு யார் முதலில் சண்டையைத் தொடங்கினார்கள் என்ற ஆராய்ச்சி தேவையில்லை. அதனால் ஏற்படும் நஷ்டம் தன்னோடு போகும். அந்நியன் பொருட்டு முதலில் செய்யத்தக்கது அதுவும், கூச்சலிட்டு ஊரைக் கூட்டுவதும், கழியால் கத்தியைத் தட்டிவிடுவதுமேயாகும் என்பது என் துணிபு. பலாத்காரத்துக்கு ஆளாகும் பெண்ணின் முன்னாலும், கும்பல் சூழ்ந்துகொண்ட தனி மனிதன் முன்னாலும் நிலைமை மாறுகிறது. அங்கே யார் குற்றவாளி என்பது கண்கூடு. அங்கே கையில் உள்ள எதையும் எடுத்துக் காப்பதைச் சட்டமும் தர்மமும் தடுக்கவில்லை. அந்நேரத்தில் ஒதுங்கிப் போகிறவனை நான் மன்னிக்க மாட்டேன்.

2024 ஜூலை முதல் தேதி இந்தியத் தண்டனைச் சட்டம் மறைந்து பாரதீய நியாய சன்ஹிதை வந்துவிட்டது. 97ஆம் பிரிவு 35ஆம் பிரிவாகவும், 106ஆம் பிரிவு 44ஆம் பிரிவாகவும், 79ஆம் பிரிவு 17ஆம் பிரிவாகவும் எண் மாறினவேயன்றி உள்ளடக்கம் மாறவில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், புதிதாக உரிமம் கேட்பவர் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதித்திருக்கின்றன. இது நல்ல ஏற்பாடு. சேலத்திலும் தருமபுரியிலும் காட்டுப்பன்றிக்கு அஞ்சிப் பயிர்க்காவலுக்கு உரிமம் கேட்டு வரும் குடியானவருக்கு, குழலைத் துடைக்கவும் தோட்டாவைப் பூட்டி வைக்கவும் கற்பிக்கும்போதே, கொலை என்று நினைத்துப் பிடித்தவன் பற்றிய அந்தப் பழைய உதாரணத்தையும், கும்பலின் நடுவே நின்ற குழந்தையைப் பற்றிய உதாரணத்தையும் அவருடைய சொந்தத் தமிழில் எடுத்துச் சொல்லி, அவர் கேட்கும் ஐயங்களுக்கு விடை கூறிய பின்னரே கலெக்டர் அலுவலகத்தில் உரிமத் தாளைக் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஆகும் நேரம் அரைமணிக்கு மேல் இராது.